வலது கன்னத்தில் தம்பியின் பல்

விழுங்கிவிடக் கூடாது. வேறு எதையும் யோசிக்க வேண்டாம், விழுங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் எச்சில் ஊறுகிறது. ஒரு மனுஷி வாயில் சும்மா இருக்கும்போது இவ்வளவு எச்சில் ஊறும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தம்பியின் பல் இருக்கிறது. அது அங்கேயே இருக்கிறதா என்று நாக்கு நுனியால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, எச்சிலை இடது பக்கம் தள்ளி, கொஞ்சமாக விழுங்குகிறேன். மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது, நான் கன்னத்தை வெளியிலிருந்து உள்ளங்கையால் அமுக்கிக்கொள்கிறேன், பல்வலிக்காரி மாதிரி. பல்வலி எனக்கு இல்லை. பல்லுக்குச் சொந்தக்காரன் ஜன்னலோரமாக என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், அம்மாவின் பழைய சேலைத் துணியை மடித்துக் கடித்துக்கொண்டு. துணி பச்சைக் கலர், ரத்தம் பட்ட இடம் கறுப்பாகத் தெரிகிறது, அதனால் எவ்வளவு ரத்தம் என்று கணக்குத் தெரியவில்லை. வெள்ளைத் துணி எடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தேன். கண்டக்டர் வந்து நிற்கிறார். "எங்கம்மணி போகோணும்?" நான் இரண்டு விரலைக் காட்டி, முன்பக்கம் கையை நீட்டுகிறேன். "அட வாயத் தொறந்து சொல்லு. ஈரோடா? பஸ் ஸ்டேண்டா?" தலையாட்டுகிறேன். "ஏன், வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற?" வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு பதில் கிடைத்திருக்கும், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கிடைத்திருக்கும். என் குரலே கத்தல்தான். தறிக்குடோனில் வேலை செய்கிற வீட்டில் பிறந்தால் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவில் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த நான் இப்போது உதட்டைப் பூட்டிக்கொண்டு, சிரிக்கக்கூட முடியாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போகிறேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து என் மடியில் போட்டுவிட்டு, "என்ன காலமோ" என்று போகிறார்.

தம்பி சஞ்சித் முதலில் அழவில்லை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மத்தியானம் நான் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிவிட்டுச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் நின்று சிரித்தான். மோவாய் முழுக்க ரத்தம், சட்டையில் ரத்தம், வாய்க்கு நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை, அதோடு சிரிப்பு. "அக்கா, பல்லு விழுந்துருச்சு! நானே மேல எறிஞ்சுட்டேன்!" தண்ணித் தொட்டி மேலே ஏறிக் குதித்திருக்கிறான், கால் வழுக்கித் துவைக்கிற கல்லில் வாய் அடித்திருக்கிறது. பல் முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டது. பல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய ஒவ்வொரு பால் பல்லுக்கும் அம்மா அதைத்தான் செய்தாள். சாணியை உருட்டி, பல்லை அதற்குள் பொதிந்து, அவன் கையில் கொடுத்து, கூரை மேல் எறியச் சொல்வாள். வானம் பார்த்தால் பல் முளைக்காதாம், அதற்குத்தான் சாணி. இன்றைக்குச் சாணி கிடைக்கவில்லை, குழாயடி மண்ணை உருட்டினானாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் உறைக்கவில்லை. சரி, விழுந்தது, எறிந்தான், முளைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் அந்த ஓட்டையைப் பார்த்தேன். நடு மேல் பல். அகலமாக, முகத்துக்குப் பெரிசாக, போன வருஷம்தான் முளைத்தது. முயல் முயல் என்று அவனைக் கூப்பிட்டதே நான்தான். இது ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து, ஏற்கெனவே ஒரு தடவை கூரைக்குப் போய், ஏற்கெனவே முளைத்த பல். இதற்குப் பிறகு இல்லை. என் முகம் எப்படி மாறியதோ தெரியாது, அதைப் பார்த்த பிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான்.

தொட்டி மேல் ஏறி, சுவரில் கால் வைத்து, கூரைக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், போல்ட் இருக்கிற வரிசையில்தான் மிதிக்க வேண்டும், தள்ளி மிதித்தால் நேராக வீட்டுக்குள் விழலாம். ஷீட் கொதித்தது. முட்டி போட்டு, கையை ஊன்றி, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ராசாமணியக்கா கீழே நின்றுகொண்டு, "ஏம்புள்ள, அந்தப் பல்லை எடுத்து என்ன பண்ணப் போற? அதும்பாட்டுக்கு மொளைச்சுக்கும், எறங்கு, ஷீட்டு ஒடையப் போகுது" என்றாள். "அக்கா, அது மொளைச்ச பல்லு!" என்று கத்தினேன். "ஒருக்கா மொளைச்சா இன்னொருக்கா மொளைக்காதா?" நான் அடுத்த மடிப்புக்கு நகர்ந்தேன். மண் உருண்டை ஷீட்டில் பட்டு உடைந்து சிதறியிருந்தது, பல் ஒரு மடிப்பில் சருகோடு கிடந்தது. பல் என்றால் வெளியே தெரிகிற வெள்ளைதான் என்று நினைத்திருந்தேன். தெரிகிறதைவிடத் தெரியாதது நீளம். மஞ்சளாக, கூம்பாக, ஆணி மாதிரி ஒரு வேர். பள்ளிக்கூடத்தில் வெட்டும் பல் இத்தனை, கோரைப்பல் இத்தனை என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள், நானும் ஒப்பித்தேன், கழன்று விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டீச்சரும் ஒரு வரி சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. தறி ஓடுகிற குடோனில் போன் அடிப்பது யாருக்குக் கேட்கும். அப்புறம்தான் அம்மா கடைவாய்ப்பல் பிடுங்கிய கிளினிக் ஞாபகம் வந்தது, ஈரோட்டில், பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்தில். மருந்துச் சீட்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன், டாக்டரம்மாவே போனை எடுத்தாள்.

அந்தம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பையனுக்கு எத்தனை வயசு, எட்டு, மயக்கம் போட்டானா, இல்லை, எப்போ விழுந்தது, இப்பத்தான். "பல்லோட வேரைத் தொடாதே. வெள்ளையா இருக்கற பக்கம் மட்டும் பிடி. தேய்க்காதே. தண்ணியில ஒரே ஒரு தடவை அலசு." நல்லவேளை சொன்னாள், அந்நேரம் ராசாமணியக்கா பல்பொடி டப்பாவோடு வந்து நின்றாள், நன்றாகத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று. வேரைச் சுற்றிப் பட்டு இழை மாதிரி உயிர் இருக்குமாம், தேய்த்தால் செத்துவிடும், காய்ந்தாலும் செத்துவிடும், அது செத்தால் பல் ஒட்டாது. "உனக்குத் தைரியம் இருந்தா இப்பவே அந்தக் குழியில திருப்பி வெச்சிரு. அதுதான் எல்லாத்தையும்விட நல்லது." நான் சஞ்சித்தின் வாயைப் பார்த்தேன். ரத்தம் குமிழாக வந்துகொண்டிருந்தது. "இல்லீங்க, என்னால ஆகாதுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, அவள் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். "சரி, ஆறின பால் இருக்கா?" இல்லை. காலைப் பால் காப்பிக்குப் போய்விட்டது, மளிகைக்கடை மத்தியானம் பூட்டு, டீக்கடையில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். "அப்போ உன் வாயில கன்னத்துல அடக்கிக்கிட்டு வா. அவன் வாயில வேண்டாம், சின்னப்பையன் முழுங்கிருவான். ஒரு மணி நேரத்துக்குள்ள வரணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் இங்கதான் இருப்பேன்." வாயில் போட்டேன். முதலில் ரத்த ருசி, இரும்பு மாதிரி. அப்புறம் கொஞ்சம் மண். அப்புறம் எதுவும் இல்லை. இப்போது ஒரு ருசியும் இல்லாமல் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது, உயிர் இருந்தால் ருசி இருக்காதா. இது முட்டாள்தனமான யோசனை என்று தெரிகிறது. தெரிந்தும் வருகிறது.

உனக்குத் தைரியம் இருந்தா. அந்த வார்த்தைதான் பல்லைவிடப் பெரிசாக வாய்க்குள் இடிக்கிறது. எனக்குத் தைரியம் இல்லை என்று ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. பிருந்தாவா, அவ வாய்க்குப் பயந்து மேஸ்திரியே அந்தப் பக்கம் போயிருவான் என்பார்கள். ஓடுகிற தறியில் கை விட்டு நூல் எடுத்திருக்கிறேன். கொதிக்கிற ஷீட்டில் ஏறினேன். ஆனால் அந்த ஓட்டையில் விரல் விடுவதற்கு முடியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியும். எனக்கும் ஒரு பல் இருக்கிறது, மேல் வரிசை, நடுவுக்குப் பக்கத்தில். இவன் வயசில் விழுந்து அடிபட்டது. கழன்று வரவில்லை, ஆடியது. ரெண்டு நாளில் சரியாகும் என்றார்கள், ஆட்டம் நின்றது, சரியாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அப்புறம் மெதுவாகச் சாம்பல் கலராகி, அப்புறம் கறுத்துப்போனது. உள்ளேயே செத்துப்போன பல். வகுப்பில் கருப்பட்டிப் பல் என்பார்கள். நான் போட்டோவில் எதிலும் சிரித்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அது காரணம் இல்லை, பத்தாவதில் கணக்கில் போனது, திரும்ப எழுதச் சொன்னார்கள், எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், பல் மேல் பழி போட மாட்டேன். ஆனால் எவளாவது சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும், எவனாவது சிரிப்பதற்கு முன்னால் நான் கத்திவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்தது எனக்கு, அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். சஞ்சித்துக்கு அது வரக் கூடாது, அதுவும் நான் தப்பாக வைத்ததால் வரக் கூடாது. அவன் வாயைத் திறந்து சிரிக்கிற பையன். ரத்தம் ஒழுகும்போதுகூடச் சிரித்தான்.

முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறாள். மடியில் கட்டைப்பை, அதில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. "யாரு கண்ணு அடிச்சாங்க?" என்று அவனைக் கேட்கிறாள். அவன் துணியை எடுக்காமலே, "யாரும் அடிக்கலீங்க. நானே உழுந்துட்டனுங்க" என்கிறான். அவள் நம்பவில்லை. என்னை மேலிருந்து கீழ் பார்க்கிறாள். "ஏம்மணி, புள்ளைக்கு இப்பிடி ரத்தம் போகுது, கேட்டா ஒரு பதிலு சொல்ல மாட்டீங்கற?" நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். "என்ன? உனக்கும் பல்லு வலியா?" தலையை இல்லையென்று ஆட்டுகிறேன். அவள் பக்கத்தில் இருக்கிறவளிடம், "அடிச்சுப்போட்டு ஊமையாட்டம் உக்காந்திருக்கறா பாரு, அழுத்தக்காரி" என்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றே. வாயில் வந்த வார்த்தை பல்லில் முட்டி நிற்கிறது. அப்போது சஞ்சித் துணியை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ வாயில என்ற பல்லு இருக்குது" என்கிறான். பக்கத்து சீட்டுகளில் பேச்சு கிளம்புகிறது. "என்ன சொல்றான்?" "அக்கா வாயில இவன் பல்லாமா!" "எதுக்கு?" "பத்திரமா வெச்சிருக்கறாளாம்!" பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். கட்டைப்பை அம்மா முகத்தைச் சுளித்து, "கருமம், துப்பு புள்ள, அடுத்தவன் பல்லைப் போயி" என்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது, வரக் கூடாது, சிரித்தால் உள்ளே போய்விடும். மூக்கால் மூச்சு விடுகிறேன். அவனுக்குக் கையைக் காட்டுகிறேன், விரலைக் குவித்து வாய்க்கு நேராக. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைப்பேச்சு உண்டு. வாயை மூடு, கடி என்று அர்த்தம். அவன் துணியைக் கடித்துக்கொள்கிறான்.

காவிரிப் பாலத்தில் பஸ் நிற்கிறது. நிற்கிறது, ஊர்கிறது, மறுபடி நிற்கிறது, அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டார் டிரைவர். ஒரு லாரி பாதிப் பாலத்தில் அச்சு முறிந்து நிற்கிறதாம். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கிரேன் வரோணும்" என்கிறார், சாதாரணமாக. கிரேன் எங்கிருந்து வரும், எப்போது வரும். கீழே பாறையும் அங்கங்கே தண்ணீரும். வெயில். ஒருத்தன் இறங்கி பீடி பற்ற வைக்கிறான். நடந்து போய்விடலாமா என்று எழுந்து அவனையும் எழுப்பினேன். அவன் நின்றான், முகம் வெளுத்து, விழுங்கிய ரத்தத்தை ஜன்னலுக்கு வெளியே வாந்தியெடுத்தான், கால் துவண்டு உட்கார்ந்துவிட்டான். எட்டு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் நான் வாயால் மூச்சு வாங்குவேன், வாயால் மூச்சு வாங்கினால் பல் எங்கே போகும். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போயிற்று. கூரையில் கிடந்தது எவ்வளவு, தேடியது எவ்வளவு, போனில் பேசியது, பஸ்ஸுக்கு நின்றது. கூட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. தறியில் ஒரு இழை அறுந்தால் அப்போதே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஓட விட்டால் துணி முழுக்கக் கோடு விழும், அதை எந்தக் கொம்பனாலும் திருத்த முடியாது. இது எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு நான் பல்லைக் கன்னத்தில் வைத்து ஊர்வலம் போகிறேன். பத்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன், பயத்துக்கு. டாக்டரம்மா முதலில் சொன்னது கன்னம் இல்லை. முதலில் சொன்னது குழி. நான் முடியாது என்றதால்தான் கன்னம்.

நாக்கு மறுபடியும் பல்லைத் தொடுகிறது. இத்தனை நேரம் தொட்டுத் தொட்டு எனக்கு அது முழுசாகத் தெரிந்துபோயிருக்கிறது. ஒரு பக்கம் வழுவழுவென்று புடைத்திருக்கிறது, இன்னொரு பக்கம் குழிந்திருக்கிறது. நுனியில் சின்னச் சின்னதாக ரம்பம் மாதிரி, புதுப் பல் என்பதால். புடைத்தது உதட்டுப் பக்கம், குழிந்தது நாக்குப் பக்கம். என் பல்லைத் தடவிப் பார்க்கிறேன், அப்படித்தான். தப்பாக வைக்க வழியில்லை. வேறு என்ன சாக்கு இருக்கிறது? கை அழுக்கு. பாட்டில் தண்ணீரை எடுத்துக் கையைக் கழுவுகிறேன். வேறு? இல்லை. குனிந்து, உள்ளங்கையை வாய்க்குக் கீழே வைத்து, பல்லை நாக்கால் முன்னே தள்ளி, வெள்ளைப் பக்கத்தை ரெண்டு விரலால் பிடித்து வெளியே எடுக்கிறேன். "சஞ்சி, ஆ காட்டு" என்றேன். என் குரல் பஸ்ஸுக்குள் பயங்கரச் சத்தமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அவன் பல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இங்கியேவா? டாக்டரு?" "டாக்டருகிட்டப் போறதுக்கு நேரமாகும். நான் வெக்கறேன்." "வலிக்குமாக்கா?" வலிக்காது என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். "வலிக்கும்" என்றேன். "ரொம்பவா?" "தெரியாதுடா. நான் இதுக்கு முன்னாடி யாருக்கும் வெச்சதில்ல." அவன் துணியை எடுத்துவிட்டு வாயைத் திறந்தான்.

அவன் தலை ஆடியது. கட்டைப்பை அம்மா எப்போது எழுந்தாளோ, முருங்கைக்காயெல்லாம் கீழே கொட்டிக் கிடக்க, சீட்டுக்கு மேலே எக்கி அவன் தலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் புடிச்சுக்கறேன், நீ வை அம்மணி. கண்ணு, என்னையப் பாரு, இங்க பாரு" என்றாள். உதட்டைத் தூக்கினேன். குழி தெரிந்தது, உறைந்த ரத்தத்தோடு. வேர் நுனியை அதில் வைத்தேன். சூடாக இருந்தது, மெத்தென்று இருந்தது, அவன் உடம்பு தூக்கிப் போட்டது. மெதுவாக அழுத்தினேன். போகவில்லை. ஒரு இடத்தில் தட்டி நின்றது, ஐயோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன், எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், எடுத்தால் மறுபடி வைக்க மாட்டேன் என்றும் தெரிந்தது. இம்மி திருப்பினேன். அழுத்தினேன். வழி கிடைத்த மாதிரி பல் தானாக உள்ளே இறங்கியது, ரத்தம் ஓரத்தில் பொங்கி என் விரலில் வழிந்தது, பக்கத்துப் பல்லுக்குச் சமமாக வந்து, அங்கே நின்றது. அவன் கத்தவில்லை. கத்தலை உள்ளேயே இழுத்தான், என் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்தான், தள்ளுவதற்கா பிடிப்பதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை. "வெச்சுட்டாடா உங்கக்கா, வெச்சுட்டா" என்றாள் அந்தம்மா, அவளுக்குத்தான் கண்ணீர் வழிந்தது. கண்டக்டர் என் போனை வாங்கி, கடைசியாகப் பேசின டாக்டரம்மா நம்பரை அழுத்தி, என் காதில் வைத்தார். "வெச்சுட்டனுங்க." "நேரா இருக்கா?" "கொஞ்சம் கோணலுங்க." "பரவாயில்ல, நான் சரி பண்ணிக் கம்பி போடறேன். விட்றாதே. பிடிச்சுக்கிட்டே வா." "பல்லு பொழைக்குமுங்களா?" "இப்பச் சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நாள் போகணும். வெச்சது நல்லது."

கிரேன் இன்னும் வரவில்லை. வெயில் ஜன்னல் வழியாக அவன் தொடையில் விழுந்திருக்கிறது, கட்டைப்பை அம்மா முந்தானையை விரித்து மறைக்கிறாள். பல்லுக்கு அடியில் என் ஆள்காட்டி விரல். விரல் நுனியில் ஏதோ துடிக்கிறது, அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை. அவனுக்கு வலி இப்போதுதான் முழுசாக வருகிறது, கண் விரிகிறது, கீழ்ப் பற்கள் மேலே வருகின்றன. கடிக்கிறான். கீழ்ப் பல் என் விரலில் பதிகிறது, தோல் கிழிகிறது, எனக்கு வலி உச்சந்தலை வரைக்கும் ஏறுகிறது. அவனுக்குத் தெரிந்துவிட்டது, பயந்து தாடையைத் தளர்த்துகிறான். தளர்த்தினால் பல் ஆடுகிறது. கடித்தால் விரலோடு சேர்ந்து மேலே போய் நிற்கிறது. அவன் என் முகத்தையே பார்க்கிறான், மத்தியானம் பார்த்த மாதிரி, அதில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் காத்திருக்கிறான். நான் முகத்தை மாற்றவில்லை. "கடிடா" என்கிறேன். "எனக்கு வலிக்கட்டும், நீ நல்லாக் கடி."